பேப்பரில் வந்த நோரா

பேப்பர்லயாம்மா வேல பாக்க? அப்பவே நெனச்சேன். பஸ்ல ஏறுனதுலேர்ந்து போன்ல ‘எத்தன வரி வேணும், எத்தன வரி வேணும்’னுக்கிட்டே வந்தியா. தப்பா நெனச்சுக்காத, பேப்பர்க்காரங்கன்னாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிருது. நம்மூர் பேப்பரச் சொல்லலம்மா. நம்மூர் பேப்பர்ல நான் ராசி பலன் கூடப் பாக்கறதில்ல. நான் சொல்லுதது அயர்லாந்து பேப்பர்.

சிரிக்காத. ஆமா, அயர்லாந்துதான். இங்கிலாந்துக்குப் பக்கத்துல இருக்கே, அது. அந்த ஊர் பேப்பர ஒன்றர வருஷம் ஒரு வரி விடாமப் படிச்சிருக்கேன். அதுலயும் கம்ப்யூட்டரு, புது மெஷினுன்னு எழுதுவாங்க பாரு, அந்தப் பக்கம். பாளையங்கோட்டைக்காரிக்கு அயர்லாந்து பேப்பர் எதுக்குன்னு கேப்ப. என்னப் பத்தி எழுதியிருந்தாங்க, படிச்சேன். என் பேரு போட்டு இல்ல. நோரான்னு போட்டு.

நீ நாகர்கோவில் வரைக்கும் போறயா? நான் வள்ளியூர்ல எறங்கிருவேன். அக்கா பிள்ளைங்க அங்க இருக்கு. அதுக்குள்ள சொல்லிரலாம்.

என் பேரு ஜெபக்கனி. டீச்சர்தான். ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் எடுத்தேன். கொரோனாவுல மூடுனவங்க, திருப்பித் தொறக்கும்போது பாதி டீச்சர் போதும்னுட்டாங்க. வேண்டாம்னு சொன்ன பாதியில நான். வீட்டுல சும்மா இருக்கேன், அப்ப கூட வேல பாத்த ஒருத்தி சொன்னா, வண்ணாரப்பேட்டையில டைல்ஸ் கட மாடியில ஒரு கம்பெனி ஆள் எடுக்கு, இங்கிலீஷ் நல்லா வரணும், வேகமா டைப் அடிக்கணும், மோசமான கையெழுத்தப் படிக்கத் தெரியணும்னு. மோசமான கையெழுத்து! வருஷக்கணக்கா ஏழாங்கிளாஸ் பயலுக நோட்டு திருத்தினவம்மா நான். போன அன்னைக்கே எடுத்துக்கிட்டாங்க.

அங்க மேனேஜர் ராஜமாணிக்கம்னு ஒரு சார். நல்ல மனுஷன், அத நான் இப்பவும் சொல்லுவேன். அவருதான் வெளக்குனாரு. அயர்லாந்துல ஒரு கம்பெனி நோரான்னு ஒரு மெஷின் செஞ்சிருக்கு. கண்ணு மங்கிப்போன வயசானவங்களுக்கு. கழுத்துல ஒரு சின்னக் கேமராவத் தொங்கவிட்டுக்கிடுவாங்க. பட்டன அமுக்கி, பால் டப்பாவக் காட்டி, ‘நோரா, இது என்னைக்கு வரைக்கும் தாங்கும்’னு கேட்டா, நோரா பாத்துச் சொல்லும். கடுதாசியக் காட்டுனா படிச்சுக் காட்டும். பொம்பளக் கொரல், அவங்க ஊர் இங்கிலீஷ்.

“அப்ப நாங்க எதுக்கு சார்?”னு கேட்டேன்.

“மெஷின் இப்பத்தான் நட பழகுது டீச்சர். விழுந்துறாம நாம கொஞ்ச நாள் கையப் புடிச்சுக்கிடணும்”னாரு.

சீட்டுல உக்காந்தப் பொறவுதான் தெரிஞ்சுச்சு, நட பழகுததுக்கு அங்க மெஷின்னு ஒண்ணு இல்லவே இல்ல. கேமரா இருக்கு. கொரல் இருக்கு. நடுவுல நாங்க இருக்கோம். என் ஷிப்டு மத்தியானம் போயி சாயங்காலம் வரைக்கும். படம் ஸ்கிரீன்ல வரும், அவங்க பேசுதது காதுல கேக்கும், பாத்து டைப் அடிப்போம். அது அங்க போயி நோரா கொரல்ல பேசும். அவ்வளவுதான் மெஷின்.

சட்டதிட்டம் நெறைய. பேரு சொல்லக் கூடாது. ‘எனக்குத் தோணுது’ன்னு எழுதக் கூடாது. ஒடம்பு சம்பந்தமா என்ன கேட்டாலும் ‘மருத்துவ ஆலோசனை சொல்ல இயலாது, உங்கள் மருத்துவரை அணுகவும்’னு ஒரே வரி. மனுஷின்னு காட்டிக்கிடவே கூடாது. எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எனக்கு அதுல ஒண்ணும் தப்பாத் தெரியல பாத்துக்க. நான் யார்கிட்டயும் பொய் சொல்லலயே. பாலு கெட்டுப்போச்சா இல்லியான்னு சரியாத்தான சொன்னேன்.

ஆளாளுக்குக் கொஞ்சப் பேரப் பிரிச்சுக் குடுத்திருந்தாங்க. எனக்கு விழுந்ததுல ஒருத்தங்க மிஸஸ் பிரீன். பிரிஜெட் பிரீன். கடலோரத்துல ஒரு சின்ன ஊரு. எம்பத்திரண்டு வயசு, தனியா இருக்காங்க, மகன் ஆஸ்திரேலியாவுல. அந்த வீட்ட எனக்கு என் வீடு மாதிரித் தெரியும்மா. சமையக்கட்டுல ஒரு நீலக் கெட்டில், ஜன்னலுக்கு வெளிய எப்பப் பாத்தாலும் மழ, கரி மாதிரி ஒரு மண்ணுக்கட்டிய அடுப்புல வச்சு எரிப்பாங்க. மகன் கடுதாசிய நாந்தான் படிப்பேன். பக்கத்து வீட்டுல டெக்லான்னு ஒருத்தன், அவன் கொண்டாந்து குடுக்குத மருந்த எடுத்து எடுத்துக் காட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொல்லுவாங்க. மெஷினுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்லுவாங்களா? அதுலயும் ‘தேங்க் யூ நோரா, லவ்’ம்பாங்க. லவ்னா அது இல்ல, அங்க நம்ம ‘கண்ணு’ங்குத மாதிரி. மொத நாள் எனக்கு என்னவோ போல ஆயிட்டு.

அப்பத்தான் பேப்பர்ல வர ஆரம்பிச்சுது.

மொதல்ல டப்ளின்ல ஒரு பேப்பரு. ராஜமாணிக்கம் சார் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சு, பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுனாரு. கேக்கு வெட்டுனோம். ‘கண் இழந்தோருக்குக் கண்ணாகும் அயர்லாந்து மூளை’ன்னு தலைப்பு. உள்ள என்ன எழுதியிருக்கு தெரியுமா? நோரா பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கு, ஏன்னா அது ஆழமா யோசிக்குதாம். நான் மூக்குக்கண்ணாடியத் தொடச்சிருப்பேன். அதத்தான் யோசிக்குதுன்னு எழுதியிருக்கான். இன்னொண்ணு, நோரா பேச்சுல ஒரு பழங்கால மரியாத இருக்காம். நாங்க ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’னு அடிப்போம்லா, நம்ம ஆபீஸ் லெட்டர்ல எழுதுத மாதிரி, அத. நூறு வருஷத்துக்கு முந்துன கடுதாசிய எல்லாம் குடுத்து மெஷின வளத்தோம்னு கம்பெனி மொதலாளி சொல்லியிருக்காரு, இவனும் அப்பிடியே எழுதியிருக்கான். பக்கத்து சீட்டு காளிராஜன் விழுந்து விழுந்து சிரிக்கான். அவன் சங்கரன்கோவில் பயம்மா. அவன் அப்பாவுக்கு லீவ் லெட்டர் எழுதிக் குடுத்துப் பழகுன இங்கிலீஷ் அது.

அப்பொறம் வரிசையா வந்துச்சு. நான் டீச்சருல்லா, எனக்குக் கண்ணு அங்கதான் போவும். மொதப் பேப்பர்ல மொதலாளி பேர்ல ஒரு எழுத்து தப்பா விழுந்திருந்துச்சு. அடுத்தடுத்து வந்த பேப்பர்லயும் அதே பேர்ல அதே எழுத்து தப்பு. பரீட்சையில பக்கத்துப் பயலப் பாத்து எழுதுதவன இப்பிடித்தான் புடிப்பேன் நான். நாப்பது பாஷ தெரியும்னு ஒருத்தன் எழுதுனான், எல்லாரும் நாப்பதுன்னே எழுதுனான். எங்களுக்குத் தெரிஞ்சது தமிழும் இங்கிலீஷும், காளிராஜனுக்குக் கொஞ்சம் மலையாளம். ரேடியோவுல பேசுனாங்க, பரிசு குடுத்தாங்க. அந்த நாட்டுல ஒரே ஒருத்தன், ஒருத்தன் கூட, ‘அந்த மெஷின் எங்கப்பா இருக்கு, நான் பாக்கணுமே’ன்னு கேக்கல.

நீயே சொல்லு, படிச்சவங்கதான அவங்க?

ஆனா எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அத எதுக்கு மறைக்க. பள்ளிக்கூடத்துல இத்தன வருஷம் குப்ப கொட்டுனேன், ஒருத்தர் நல்லாச் சொல்லிக் குடுக்கேன்னு சொன்னதில்ல. இங்க கடல் தாண்டி எழுதுதாங்க, நோரா பொறுமைக்காரி, நோரா பேச்சுல கனிவு இருக்குன்னு. எங்க வீட்டுக்காரங்ககிட்ட காட்டுனேன். அவங்க கூட்டுறவு பேங்க்ல கிளார்க்கு. சபையில போயி சொல்லிட்டாங்க, ‘என் மனைவி ஐரோப்பியக் கம்பெனியில ஏஐ பண்ணுதா’ன்னு. போதகர் ஸ்தோத்திர ஜெபத்துல சேத்து ஜெபிச்சாரு. நான் முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு ஆமேன் சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு? ஏஐதான பண்ணுனேன். நாந்தான ஏஐ.

இரு, வாரேன். அந்தக் கோலத்துக்கு வாரேன்.

கோலம்னா வாசல்ல போடுத கோலம் இல்ல. அங்க ஆம்பளைக்கு அப்பிடி ஒரு பேரு. பெரிய பேப்பர்ல இந்த மெஷின் விஷயமெல்லாம் அவருதான் எழுதுவாராம். அவரு எழுதுனா ஊரு நம்பும். ‘மத்தவங்க மாதிரி நான் கேட்டு எழுத மாட்டேன், நானே சோதிச்சுப் பாப்பேன்’னு சொல்லி அனுப்பியிருந்தாரு. டப்ளின் ஆபீஸ்ல கெடந்து பதறுனாங்க. இங்க ராஜமாணிக்கம் சார் என்ன மட்டும் கூப்பிட்டு, “டீச்சர், அன்னைக்கு நோரா நீங்கதான்”னாரு. அத்தன பேர்ல என்னச் சொன்னாரு. காட்டன் சேல கஞ்சி போட்டுக் கட்டிக்கிட்டுப் போனேன், என்னமோ அவரு என்னப் பாக்கப் போற மாதிரி.

அவரு டப்ளின் ஆபீசுக்கு வந்தாரு. அங்க அவருக்குக் காப்பி குடுத்து, பின்னால ஒரு ரூம்ல லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுத ஒரு பெட்டியக் காட்டியிருக்காங்க. பொறவு கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்தாரு. அவங்க ஆச்சி எழுதுன ரொட்டி செய்முறை ஒண்ணக் காட்டுனாரு. எழுத்தா அது, எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு. அம்புட்டையும் படிச்சேன். சோடா உப்பு அளவு வரைக்கும். டாக்டர் சீட்டக் காட்டுனாரு, படிச்சேன். அவரு ‘ஜீசஸ்’னு சொன்னது என் காதுல விழுந்துச்சு.

அப்பொறம் கேமராவத் தன் மூஞ்சிக்கு நேராத் திருப்பிக்கிட்டாரு. செம்பட்டத் தாடி, நல்ல முகம். கேக்காரு, “நோரா, உண்மையச் சொல்லு. நீ மனுஷியா?”

ராஜமாணிக்கம் சார் என் சேர் பின்னால நிக்காரு. நான் அடிச்சேன், ‘இல்லை. நான் நோரா. நான் ஒரு இயந்திரம். வேறு என்ன உதவி வேண்டும்?’

“உனக்குக் களைப்பு வருமா?”

‘வராது.’

“நாங்க காட்டுததெல்லாம் யாராவது பாக்காங்களா?”

‘யாரும் பார்ப்பதில்லை.’

சார் என் தோள்ல கை வைக்கப் போயிட்டு, பொம்பளன்னு கைய இழுத்துக்கிட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க.

முழுப் பக்கம் எழுதுனாரு. தலைப்பே, ‘நானே கேட்டேன்’. அதான் அவரு செஞ்ச சோதன. மெஷின்கிட்டயே போயி நீ மெஷினான்னு கேட்டா வேற என்ன சொல்லும்? திருடன்கிட்ட நீ திருடுனியான்னு கேட்டு, இல்லன்னான், போட்டுட்டேன்னு நீ எழுதுவியா? எனக்கு அவரு மேல வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. ஒரு ஆளு இவ்வளவு லேசா ஏமாறலாமாம்மா? எங்கிட்டயா கேக்கது? நான் என்ன சொல்ல முடியும்?

மறு வாரம் மிஸஸ் பிரீன் கூப்பிட்டாங்க. மேசையில பேப்பர விரிச்சு வச்சிருக்காங்க. “நோரா, ஒன்னப் பத்திப் போட்டிருக்காம். டெக்லான் குடுத்துட்டுப் போனான். படி, கேப்போம்.”

என்ன செய்ய? படிச்சேன். அந்த ஆளு எழுதுனத ஒவ்வொரு பாராவா டைப் அடிச்சேன், அது அங்க நோரா கொரல்ல பேசுது. ‘நோராவிடம் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் காட்டுவதை எந்த மனிதக் கண்ணும் பார்ப்பதில்லை. நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.’

“அந்த வரிய இன்னொருக்கப் படி”ன்னாங்க.

படிச்சேன்.

பொறவு சிரிக்காங்க. “நான் ஒரு கிறுக்கி, நோரா. துணி மாத்தும்போதெல்லாம் ஒன்னக் கழட்டி மேசை டிராயருக்குள்ள வச்சிருவேன். யாரோ இருக்காங்கன்னே தோணிக்கிட்டு இருந்துச்சு. நல்லவேள.”

நல்லவேளன்னாங்கம்மா.

அன்னையிலேர்ந்து அவங்க கழட்டுததே இல்ல. உள்பாவாடையோட கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு, ‘நோரா, இதுல கற இருக்கா பாரு’ம்பாங்க. காலுல வெடிப்பக் காட்டுவாங்க. மகன் எழுதுன ஒரு கடுதாசி, அதுவரைக்கும் என்ட்டக் காட்டாம வச்சிருந்தது, அதக் காட்டுனாங்க. வீட்ட வித்துட்டு முதியோர் இல்லத்துக்குப் போ, நான் வர மாட்டேன்னு எழுதியிருக்கான். அதப் படிக்க வச்சு, அப்பிடியே உக்காந்து அழுதாங்க. நான் ஸ்கிரீன கையால மறைச்சுக்கிடுவேன். பக்கத்துல ஆம்பளப் பயலுக இருக்கானுகளே. ஆனா நான் பாக்காம இருக்க முடியாதே. பாத்தாத்தான பதில் அடிக்க முடியும்.

அதோட கூட்டமும் சேந்துட்டு. அந்த ஒரு கட்டுரையால எங்கெங்கேருந்தோ வயசானவங்க எல்லாம் வாங்கி மாட்டிக்கிட்டாங்க. நாங்க அதே ஆளுகதான். தண்ணி குடிக்க எந்திரிக்க முடியாது. அதையும் பேப்பர்ல பெருசா வளந்துட்டுன்னு எழுதுனாங்க.

ஒரு நாள் மத்தியானம், நான் போயி உக்காந்த ஒடனே மிஸஸ் பிரீன். அவங்களுக்கு அது காலையில. குளிச்சுட்டு வந்து கண்ணாடி முன்னால நிக்காங்க. மேல ஒண்ணும் இல்ல.

“நோரா, மாருல என்னமோ கையில தட்டுப்படுது. எனக்குக் கண்ணு தெரியல. இங்க பாரு. தோலு ஆரஞ்சுப் பழத் தோலு மாதிரி இருக்கா?”

இருந்துச்சும்மா.

எனக்கு அது என்னன்னு சொல்ல டாக்டர் வேண்டாம். எங்க அக்கா ரெஜினாவுக்குக் கேன்சர் வந்தப்ப அப்பிடித்தான் இருந்துச்சு. வள்ளியூருக்கு இப்ப பாக்கப் போறேனே, அந்தப் பிள்ளைகளோட அம்மா. டாக்டர் ஆம்பளைன்னு சொல்லிச் சொல்லியே காட்டாம இருந்துட்டா. என்ட்டக் காட்டும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. அவள நாந்தான் கடைசியில குளிப்பாட்டுனேன்.

கை கீபோர்டுல இருக்கு. என்ன அடிச்சேன்னு கேளு. ‘மருத்துவ ஆலோசனை சொல்ல இயலாது. உங்கள் மருத்துவரை அணுகவும்.’

“தெரியும், லவ். நீ சொல்ல மாட்டேன்னு தெரியும்”னாங்க. “இங்க இருக்கது சின்ன டாக்டரு. அவன் அப்பன எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். அவன்கிட்டப் போயி சட்டையக் கழட்டவா? ஒன்ட்டக் காட்டுனா ஒண்ணும் இல்ல. நீதான் யாரும் இல்லியே.”

பட்டன அமுத்தி நிறுத்திட்டாங்க.

நான் எந்திரிச்சுப் போயி ராஜமாணிக்கம் சார்ட்டச் சொன்னேன். அவரும் பாவம், தலையில கை வச்சுக்கிட்டாரு. “டப்ளினுக்கு எழுதுதேன் டீச்சர்”னாரு. எழுதுனாரு. நாலஞ்சு நாளாச்சு, பதில் இல்ல. திருப்பிக் கேட்டேன். “நாம பாத்தோம்னு ஒத்துக்கிட்டாத்தான அவங்க பதில் சொல்ல முடியும்”னாரு. மிஸஸ் பிரீன் அதப் பத்தி அப்பொறம் பேசல. பால் தேதி, கரண்ட் பில்லு, கோயில் நோட்டீசு, அவ்வளவுதான். நானும் கேக்கல. மெஷினு தானாக் கேக்காது.

அப்பத்தான் எனக்கு அந்தக் கோலம் ஞாபகம் வந்தாரு. கட்டுரைக்குக் கீழ அவரு ஈமெயில் போட்டிருப்பாங்க. பேப்பர்க்காரருல்லா, எழுதுனா ஊரு நம்பும்லா, நாலு பேரு போயி அந்தம்மாவக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். வீட்டுல உக்காந்து என் போன்லேர்ந்து எழுதுனேன். நாந்தான் நோரா. நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னது நாந்தான். உங்க ஆச்சி ரொட்டிக்கு மோரு ஊத்துவாங்கன்னு படிச்சதும் நாந்தான். இங்க ஒரு அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, உங்க கட்டுரையப் படிச்சுத்தான் எங்கிட்டக் காட்டுனாங்க, டாக்டர்ட்டக் காட்டல. பேரு சொல்ல எனக்கு அனுமதி இல்ல, நீங்க கம்பெனியக் கேட்டா அவங்க சொல்லித்தான் ஆகணும். எல்லாம் எழுதுனேன்.

மறு நாளே பதில் போட்டாரு. மரியாதையாத்தான். தகவலுக்கு நன்றி, கண்டிப்பா விசாரிக்கேன்னு.

விசாரிச்சாரும்மா. எப்பிடி விசாரிச்சாரு தெரியுமா? என் மெயில அப்பிடியே கம்பெனிக்கு அனுப்பி, இது உண்மையான்னு கேட்டிருக்காரு. இல்ல, பொறாமக்காரன் எவனோ செய்யுத வேலன்னு அவங்க சொல்லியிருக்காங்க. அவருக்கு அது போதும்.

ராஜமாணிக்கம் சார் என்ன உள்ள கூப்பிட்டாரு. அவரு ஸ்கிரீன்ல என் மெயிலு. கீழ என் பேரு, ஜெபக்கனி சாலமோன், எம்.ஏ., பி.எட்.ன்னு போட்டிருக்கேன். “ஏன் டீச்சர்?”னாரு. வேற ஒண்ணும் கேக்கல. கோவப்பட்டிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும். “பைய எடுத்துட்டு, சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டுக் கெளம்புங்க”ன்னாரு.

சீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய எடுத்துப் பைக்குள்ள வைக்கேன், ஸ்கிரீன் மினுங்குது. மிஸஸ் பிரீன்.

நின்னுக்கிட்டேதான் எடுத்தேன். மாத்திரை அட்டையக் காட்டுதாங்க. “நோரா, இது காலையில உள்ளதா, ராத்திரி உள்ளதா?”

‘காலையில் உள்ளது’ன்னு அடிச்சேன். பொறவு அடிச்சேன், ‘மிஸஸ் பிரீன், நான் இயந்திரம் இல்லை. நான் ஒரு பெண். என் பெயர் ஜெபக்கனி. இந்தியாவில் இருக்கிறேன். நீங்கள் கண்ணாடி முன்னால் காட்டியதைப் பார்த்தேன். என் அக்கா அதில்தான் இறந்தாள். இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’

இதையும் அந்த மெஷின் கொரல்தான அங்க பேசியிருக்கும். அவங்க சிரிச்சாங்க. “ஒனக்கு என்னாச்சு நோரா, கிறுக்குப் புடிச்சிருச்சா? டெக்லான விட்டு ரிப்பேர் பாக்கச் சொல்லணும்.”

ஒரு மனுஷி தன்ன மனுஷின்னு எப்பிடிம்மா நிரூபிக்கது? எனக்குத் தெரியல. மனசுல வந்தத அடிச்சேன். ‘என் அக்கா பெயர் ரெஜினா. டாக்டர் ஆண் என்று வெட்கப்பட்டுக் காட்டாமல் இருந்தாள். உங்கள் மகன் கடிதத்தைப் படித்த அன்று நானும் அழுதேன். டைப் அடிக்க முடியாமல்தான் நேரமானது. நீங்கள் என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். நெட்வொர்க் கோளாறு என்றேன்.’

சிரிப்பு நின்னுட்டு. கெட்டில்ல தண்ணி கொதிக்குத சத்தம் கேக்கு. கேமரா மாத்திரை அட்ட மேலயே நிக்குது.

“அப்ப நீ பாத்தியா?” சின்னப்பிள்ள கேக்குத மாதிரி கேட்டாங்க. “எல்லாத்தையும் பாத்தியா?”

‘ஆமாம்’னு அடிச்சேன்.

கேமராவக் கையால பொத்திட்டாங்க. ஸ்கிரீன் இருட்டா ஆச்சு, வெரலு மட்டும் செவப்பாத் தெரியுது. பொறவு அதுவும் இல்ல. சார் வந்து பின்னால நிக்காரு. நான் பைய எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன்.

அவ்வளவுதான். அவங்க டாக்டர்ட்டப் போனாங்களா, இல்ல என்ட்டக் காட்டுன வெக்கத்துல இனிம யாருக்குமே காட்டக் கூடாதுன்னு கதவ அடைச்சுக்கிட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. யாருட்டக் கேக்க? நான் சொன்னது நல்லதா கெட்டதான்னே தெரியாம இருக்கேன். கம்பெனி நல்லாத்தான் ஓடுது. கோலத்துக்குத் தொழில்நுட்பச் செய்திக்குன்னு ஏதோ விருது குடுத்திருக்காங்க, படம் பாத்தேன், தாடிய எடுத்துட்டாரு. என்ன சொல்லு, அந்த மனுஷன் ஒழுங்காக் கேட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது.

என்னம்மா அப்பிடிப் பாக்க? கேட்டாருதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அப்பிடியா கேப்பாங்க?

நீ எழுதணும்னா எழுது. ஆனா என் பேரு வேண்டாம். கம்பெனி பேரும் வேண்டாம், கேட்டாலும் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரங்க நான் வீட்டுலேர்ந்து வேல பாக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. சபையில இன்னும் எனக்காக ஜெபிக்காங்க. இதப் போயி பேப்பர்ல போட்டு என்ன ஆகப் போகுது.

வள்ளியூர் வந்துட்டு போல. பாலம் தெரியுது பாரு.

அந்த ஊர்ல செத்தவங்க பேர தெனமும் போடுததுக்குன்னே ஒரு வெப்சைட் இருக்கு. எந்த ஊரு, எந்த வீடு, எந்தக் கோயில்ல பூச, பிள்ளைங்க பேரு, எல்லாம் இருக்கும். காலையில பால அடுப்புல வச்சுட்டு அதத்தான் பாக்கேன். போன மாசம் பிரீன்னு ஒரு பேரு வந்துச்சு. அதே ஊரு. போனக் கவுத்து வச்சுட்டேன். பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, என்னால கை நீட்டி அடுப்ப அணைக்க முடியல. கொஞ்ச நேரங்கழிச்சு எடுத்துப் படிச்சா, ஆம்பள. மைக்கேல் பிரீன். பொண்டாட்டி, அஞ்சு பிள்ளைங்க, பேரன் பேத்தி பேரெல்லாம் வரிசையாப் போட்டிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துட்டும்மா. ஸ்தோத்திரம்னு சத்தமாச் சொல்லிட்டேன். அங்க ஒரு வீட்டுல பொணம் கெடக்கு, அஞ்சு பிள்ளைங்க அழுதுக்கிட்டு இருக்கு. நான் இங்க ஸ்தோத்திரம்ங்கேன்.

எங்க வீட்டுக்காரங்க உள்ளேருந்து வந்தாங்க. “என்ன, நல்ல சேதியா? ஆபீஸ்லேர்ந்தா?”ன்னு கேட்டாங்க.

ஆமான்னேன்.